முள்ளங்கிப் பிள்ளையாரும் மூன்றாம் மாடி மிக்ஸியும்

வாசகர் கேள்விகள்: ஜப்பானில் குடியிருக்கும் மதுரைக்காரி பதில்கள்

பிறந்தது செல்லூர், வாக்கப்பட்டது திருமங்கலம், குடியிருப்பது டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் எதோகாவா வட்டாரத்து நிஷி-கசாய். சித்திரைக்கு ஊருக்கு வந்த இடத்தில் ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தைக் கையில் திணித்துவிட்டார். பாதிக் கடிதங்கள் "ஃபூஜி மலைக்கு எந்த மாதம் போகலாம்" ரகம். அதற்கெல்லாம் டிராவல்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே போய் அடுப்பு பற்ற வைக்கப் போகிறவர்கள் கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகன் அடுத்த மாதம் ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறான். உப்புக்கண்டம் போட்டு வைத்திருக்கிறேன். கறிவேப்பிலை, துவரம்பருப்பு, வீட்டுப் பொடி, அவனுக்கு வழக்கமான மாத்திரை எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா?
*(உசிலம்பட்டியில் இருந்து ஓர் அம்மா)*

உப்புக்கண்டத்தை நீங்களே வறுத்துச் சாப்பிட்டுவிடுங்கள் அம்மா. கறி எந்த ரூபத்தில் இருந்தாலும், காயவைத்தது, வறுத்தது, ஊறுகாய் போட்டது எதுவானாலும், நம் அரசாங்கத்தின் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். 2020-ல் சட்டத்தை இறுக்கிய பிறகு, தெரிந்தே கொண்டுபோனால் தனி ஆளுக்கே 3 ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம். நரிதா விமான நிலையத்தில் பெட்டி வரும் இடத்தில் ஒரு சின்ன நாயைப் பிடித்துக்கொண்டு அதிகாரி சுற்றுவார். போதைப்பொருளுக்கான நாய், நமக்கென்ன என்று நம் பையன்கள் நிற்பார்கள். அது மோப்பம் பிடிப்பது கறியையும் பழத்தையும்.

பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, மாங்காய், விதை எதுவும் வேண்டாம். பச்சையாக உள்ள எதற்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை இனத்தைச் சேர்ந்த செடி என்பதால் அதற்குக் கெடுபிடி கூடுதல். துவரம்பருப்பையும் சுமக்க வேண்டாம். டோக்கியோ பக்கம் என்றால் எங்கள் நிஷி-கசாயிலும், உஏனோ பக்கத்து ஒகாச்சிமாச்சியிலும், ஷின்-ஒகுபோவிலும் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிற கடைகள் உண்டு. வேறு ஊர் என்றால் அதே கடைகள் கூரியரில் அனுப்பும், மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வாசலுக்கு வந்துவிடும்.

நீங்கள் கட்டிக் கொடுக்க வேண்டியது வறுத்து அரைத்த பொடிகள்: பருப்புப் பொடி, இட்லிப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள். கடையில் விற்கும் குழம்புத்தூளில் உசிலம்பட்டிக் கைமணம் வராது. ஒவ்வொரு பொட்டலத்திலும் என்ன பொடி என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கவனம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்கு, சீட்டு இல்லாமல் வாங்குவது இரண்டு மாதத்துக்கு. அதற்கு மேல் என்றால் கிளம்புவதற்கு முன்பே ஜப்பான் சுகாதாரத் துறையிடம் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். சில சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை. அட்டையின் பின்பக்கத்தை மருந்துக்கடைத் தம்பியிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீரில் வந்த மிக்ஸியும் டேபிள்டாப் கிரைண்டரும் புதுசாக இருக்கின்றன. அவர் ஒசாகாவில் இருக்கிறார். எடுத்துப் போகட்டுமா?
*(திருமங்கலத்துப் புதுப்பெண்)*

நம்ம ஊர்ப் பிள்ளை, அதனால் உடைத்தே சொல்கிறேன். இரண்டையும் மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போம்மா. இங்கே 230 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். நம் மிக்ஸியை அங்கே மாட்டினால் உளுந்தைச் சுற்றி வந்து வேடிக்கை பார்க்கும், அரைக்காது. மின்னழுத்தத்தை ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ஆனால் மிக்ஸி இழுக்கும் வாட்டுக்குத் தாங்குகிற பெட்டி ஒரு செங்கல் அடுக்கு கனம் இருக்கும். அமெரிக்காவுக்கென்று நம்மூர்க் கம்பெனிகள் செய்யும் 110 வோல்ட் மிக்ஸி கிடைக்கிறது. அது அங்கே ஓடும், கொஞ்சம் நிதானமாக.

இன்னொரு கூத்து, டோக்கியோவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியில் இருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவில் இருந்தும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அந்தப் பிரிவினை இன்று வரை தீரவில்லை. நாளை அவருக்கு டோக்கியோவுக்கு மாற்றலானால், பழைய மோட்டார்ச் சாமான்களை எடுத்துப்போகும் முன் பின்பக்கத்தில் "50/60" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

வோல்ட்டை விடப் பெரிய சங்கதி சத்தம். அங்கே சுவர் மெல்லிசு. எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் ஒரு தேனிப் பெண் குடிவந்தாள். வந்த புதிதில் ஒருநாள் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் அச்சடித்த துண்டுத்தாள் கிடந்தது. "அதிகாலையில் இயந்திரச் சத்தம் கேட்பதாகத் தகவல் வந்துள்ளது. குடியிருப்போர் அனைவரும் ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்கிறோம்." யார் பெயரும் இல்லை. இருபத்துச் சொச்சம் வீட்டில் காலை ஆறு மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கிற வீடு எது என்று எழுதியவருக்கும் தெரியும், படித்தவர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நேராக வந்து கதவைத் தட்டி "ஏம்மா, இந்நேரத்துல என்ன அரைக்கிற" என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று அவள் இன்னும் சொல்வாள். எனக்கும் செல்லூர் முறைதான் பிடிக்கும். ஆனால் அங்கே கதவைத் தட்டினால் அதுதான் சண்டை, தாள் போட்டால் மரியாதை. இப்போது அவள் மிக்ஸிக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போட்டு, மாலை ஏழு மணிக்கே மறுநாள் சட்னியை அரைத்து வைத்துவிடுகிறாள்.

குப்பை போடக்கூட அட்டவணையாமே? பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே சொல்கிறார்களே, அவ்வளவு கஷ்டமா?
*(வில்லாபுரம் வாசகர்)*

கஷ்டம் இல்லை, ஆனால் தப்பிக்க முடியாது. எரியும் குப்பை வாரத்தில் இரண்டு நாள், மறுசுழற்சிக்குப் போவது ஒரு நாள், எரியாதது மாதத்தில் இரண்டு நாள் என்பது எங்கள் பகுதிக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். காலை எட்டு மணிக்குள் தெருமுனையில் வைத்து, காக்கை கிளறாமல் இருக்க மேலே வலையை இழுத்து மூட வேண்டும். டோக்கியோ காக்கைகள் நம்மூர்க் காக்கையைவிட உருவத்திலும் துணிச்சலிலும் பெரிசு. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் மூடி தனி, மேலே சுற்றிய தாள் தனி, பாட்டிலைக் கழுவி நசுக்கித் தனி. தவறான நாளில் வைத்த பையை வண்டி எடுக்காது. காரணம் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். ஓரம் 30 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள சாமானுக்கு முன்பதிவு செய்து, கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, காசு கொடுத்துத்தான் தூக்கிப் போட வேண்டும். பழைய மெத்தையைக் கொடுக்க நாமே பணம் கட்ட வேண்டும் என்றபோது என் மாமியார் நம்பவே இல்லை.

நம் பெண்கள் எல்லாரும் கேட்பது வடை சுட்ட எண்ணெயை என்ன செய்வது என்று. கழிவுத் தொட்டியில் ஊற்றக்கூடாது. கடையில் ஒரு வெள்ளைப் பொடி விற்கும். அடுப்பை அணைத்ததும், எண்ணெய் சூடாக இருக்கும்போதே அதைத் தூவிக் கலக்கி விட்டுவிட வேண்டும். ஆறியதும் எண்ணெய் முழுக்க மெழுகாக இறுகிவிடும். தோசைத் திருப்பியால் ஓரத்தை நெம்பினால் வாணலி வடிவத்திலேயே கழன்று வரும். அப்படியே எரியும் குப்பையில் போடலாம். ஊருக்கு வரும்போது இரண்டு பாக்கெட் கொண்டுவந்து அத்தையிடம் செய்து காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கு எண்ணெய வீணாக்குற" என்றார்.

மகள் நிஷி-கசாய்க்குக் குடிபோயிருக்கிறாள். பேறுகாலத்துக்குப் போய் மூன்று மாதம் இருக்கப் போகிறேன். வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியாது. மூத்த பேத்திக்கு நான்கு வயது. செலவில்லாமல் எங்கே கூட்டிப்போகலாம்?
*(திருநகர், ஒரு பாட்டி)*

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. குறுகிய கால விசா 90 நாள்தான், அதற்குத் தகுந்த மாதிரி டிக்கெட் போடுங்கள். விசிட்டில் வருகிறவர்களுக்கு அங்கத்திய அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. மகள் வீட்டார் ஆஸ்பத்திரியில் 30 சதவீதம் கட்டும் இடத்தில் நீங்கள் முழுத்தொகையும் கட்ட வேண்டும். இங்கிருந்தே பயணக் காப்பீடு எடுத்துப் போங்கள். சுகருக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் மேலே உசிலம்பட்டி அம்மாவுக்குச் சொன்னதையும் படியுங்கள்.

இனி ஊர் சுற்றலாம். மகள் வீட்டில் இருந்து நடக்கும் தூரத்தில் கியோசென் பூங்கா இருக்கிறது. உள்ளே சின்ன மிருகக்காட்சி சாலை, கட்டணமே கிடையாது, திங்கட்கிழமை லீவு. சிவப்புப் பாண்டா, பெங்குவின் எல்லாம் உண்டு. குழந்தைகள் ஆட்டைத் தொட்டுப் பார்க்க ஒரு மூலை இருக்கிறது. பக்கத்திலேயே குளம், பாலம், கல் எல்லாம் வைத்த ஜப்பானியத் தோட்டம், அதுவும் இலவசம். காலையில் அங்கே போனால் நம்மூர்ப் பாட்டிமார் நாலு பேராவது கட்டாயம் அகப்படுவார்கள். தெலுங்கு பேசினாலும் இந்தி பேசினாலும் மருமகன் கதை ஒன்றுதான், பேச்சுத் துணைக்குக் குறைவில்லை.

மழை பெய்தால் அடுத்த ஸ்டேஷனான கசாயில், ரயில் பாலத்துக்கு அடியிலேயே சுரங்க ரயில் அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு 220 யென், நம் கணக்கில் நூற்றைம்பது ரூபாய்க்குள். பழைய ரயில் பெட்டியில் ஏறி உட்காரலாம், ஓட்டுநர் இருக்கையில் இருந்து ஓட்டிப் பார்க்கும் கருவி உண்டு. பேத்தியை வெளியே கூட்டிவருவதுதான் பாடு.

கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பஸ்ஸில் கசாய் ரின்காய் பூங்கா. பூங்காவுக்குக் காசில்லை. உள்ளே உள்ள மீன் காட்சியகத்துக்கு 700 யென், 65 வயது தாண்டியிருந்தால் பாதி, பேத்திக்கு இலவசம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், வயதுக்கு அதுதான் சாட்சி. அங்கே 117 மீட்டர் உயர ராட்டினம் ஒன்று நிற்கிறது. குளிர்காலத்தில் வானம் துடைத்த மாதிரி இருக்கிற நாளில் அதன் உச்சியில் இருந்து ஃபூஜி மலை தெரியும். ஃபூஜிக்கென்று தனியாகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி.

இதெல்லாம் பேத்திக்கு. உங்களுக்கு ஒரு இடம் சொல்கிறேன். ரயிலில் நிஹோன்பாஷி போய் வண்டி மாறி அசகுசா இறங்குங்கள். எல்லாரும் சென்சோஜி கோயில் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் சுமிதா ஆற்றை ஒட்டியே வடக்கே பத்து நிமிஷம் நடந்தால் ஒரு சின்ன மேட்டின் மேல் மட்சுச்சியாமா ஷோதென் என்ற கோயில். அங்கே இருப்பவர் நம் விநாயகர். பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவர். மூலவரைப் பார்க்க முடியாது, அங்கே அவரை எப்போதும் மறைத்தே வைத்திருக்கிறார்கள். அவருக்குப் படைப்பது கொழுக்கட்டையும் அருகம்புல்லும் அல்ல, முள்ளங்கி. வாசலிலேயே முழங்கை நீள வெள்ளை முள்ளங்கி வாங்கி, வரிசையில் நின்று, சந்நிதியில் வைத்துக் கும்பிடுகிறார்கள். சுவரிலும் விளக்கிலும் இரட்டை முள்ளங்கி பின்னிய சின்னம் பொறித்திருக்கும். கூடவே சுருக்குப்பை சின்னமும் இருக்கும், அது வியாபாரம் செழிக்க. படைத்த முள்ளங்கியை வருகிறவர்கள் எடுத்துப் போகலாம் என்று வைத்திருப்பார்கள். நான் அதை எடுத்துவந்து வைக்கும் சாம்பாருக்குக் குழந்தைகள் வீட்டில் "பிள்ளையார் சாம்பார்" என்றே பெயர். ஜனவரி 7-ம் தேதி போனால் முள்ளங்கித் திருவிழா, வெந்த முள்ளங்கியை எல்லாருக்கும் கொடுப்பார்கள். படி ஏற முடியாதவர்களுக்குச் சின்ன ரயில் பெட்டி மாதிரி ஒரு லிஃப்ட் இருக்கிறது, முழங்கால் வலிக்காரர்கள் தயங்க வேண்டாம்.

இந்த வரிசையில் மற்றவர்களும் உண்டு. ஷிபமாதாவில் இந்திரன், எனோஷிமா தீவில் சரஸ்வதி. அந்த சரஸ்வதி கையில் வீணை இல்லை, பீவா என்ற அவர்கள் ஊர் நரம்பு வாத்தியம். எனோஷிமாவில் படி அதிகம், அதை மாப்பிள்ளைக்கு லீவு உள்ள நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம் பூண்டு தவிர எல்லாம் சாப்பிடும் சைவம் நாங்கள். "கறி இல்லாமல்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்களா?
*(திருப்பரங்குன்றம் வாசகி)*

புரிந்துகொள்வார்கள், கறியை எடுத்துவிட்டு மீன் சாற்றில் கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் சமையலுக்கு அடிப்படையே காய்ந்த சூரை மீனைச் சீவிப்போட்டு இறக்கிய சாறு. மிசோ சூப், நூடுல்ஸ், காய்கறி வேகவைத்தது, ஏன் கீரைக்கு மேல் ஊற்றும் சாஸிலும் அது இருக்கும். அவர்கள் குழம்புக்குக் கரைத்துவிடும் மசாலாக் கட்டியில் மாட்டுக் கொழுப்பு, சில ரொட்டியில் பன்றிக் கொழுப்பு. அதனால் வெளியே கிளம்பினால் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள். பூங்காவில் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை, செர்ரி பூக்கிற மார்ச் கடைசியில் ஊரே அதைத்தான் செய்கிறது. உண்மையான சைவச் சாப்பாடு வேண்டும் என்றால் பௌத்த மடங்களில் கிடைக்கும். டோக்கியோவின் மேற்கே 599 மீட்டர் உயர தகாவோ மலையில் யாகுவோ-இன் என்ற கோயிலில் முன்பதிவு செய்தால் போடுகிறார்கள். வெங்காயம் பூண்டை அவர்களும் தொடமாட்டார்கள்.

சைக்கிள் வாங்கினால் லைசென்ஸ் வேண்டுமா அக்கா?
*(மேலூர் கல்லூரித் தம்பி, மேல்படிப்புக்குப் போகிறவர்)*

லைசென்ஸ் வேண்டாம் தம்பி, ஆனால் சைக்கிளைப் பதிவு செய்ய வேண்டும், சட்டப்படி கட்டாயம். வாங்கும் கடையிலேயே சில நூறு யென்னுக்குச் செய்து எண் ஒட்டித் தருவார்கள். ஊருக்குத் திரும்பும் சீனியர் சும்மா கொடுத்தார் என்று வாங்கி ஓட்டாதீர்கள், பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரியில் போலீஸ் நிறுத்தினால் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள், அடுத்து வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை. அந்த அட்டை எந்நேரமும் பையில் இருக்க வேண்டும். போய்க் குடியேறிய 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியை அதில் ஏற்ற வேண்டும்.

டபுள்ஸ் கிடையாது, குடை பிடித்து ஓட்டக்கூடாது, லைட் இல்லாமல் இரவில் கூடாது. செல்போன் பார்த்து ஓட்டினால் 2024 நவம்பரில் இருந்து சிறை வரைக்கும் போகலாம். 2026 ஏப்ரல் முதல் 16 வயது நிரம்பியவர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு கிழிக்கும் முறை, செல்போனுக்கு 12,000 யென். மேலூர் ரோட்டில் ஓட்டிய பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே இறக்கி வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

தொலைந்த பர்ஸ் திரும்பி வருமாமே, நிஜமா, கட்டுக்கதையா?
*(சிம்மக்கல் கடைக்காரர்)*

நிஜம்தான் அண்ணாச்சி. பக்கத்துப் போலீஸ் சாவடியில் கொண்டுபோய்க் கொடுப்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் பழக்கம். சட்டமும் துணை இருக்கிறது. உரியவர் வந்து வாங்கினால் எடுத்துக் கொடுத்தவருக்கு 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்க உரிமை உண்டு. மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பொருள் அவருக்கே. ஆனால் கடை வாசலில் செருகி வைத்த, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் குடை மட்டும் வராது. அதில் எல்லா நாட்டாரும் ஒன்றுதான்.

கையில் அம்மா பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். வெந்நீர்க் குளியல் இடங்களில் விடமாட்டார்களாமே?
*(வாடிப்பட்டி தம்பி)*

மலைப்பக்க ஓட்டல்களில் பெரும்பாலும் விடமாட்டார்கள். பச்சை என்றாலே அங்கே ரவுடிக் கும்பல் ஞாபகம், அம்மா பெயர் என்று எடுத்துச் சொன்னாலும் எடுபடாது. சின்னதாக இருந்தால் தோல் நிற ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துப் போகலாம். தெருவுக்குள் இருக்கும் சாதாரணப் பொதுக் குளியலறையில் அவ்வளவு கெடுபிடி இல்லை. டோக்கியோவில் 550 யென். ஒட்டுத்துணி இல்லாமல், முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். கூச்சம் முதல் பத்து நிமிஷம்தான்.

அழகர் ஆற்றில் இறங்குகிற மாதிரி அங்கே ஏதாவது உண்டா? திருவிழா இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள்?
*(தல்லாகுளம் வாசகி)*

மே மாதம் மூன்றாவது வார இறுதியில் அசகுசாவில் சஞ்ஜா திருவிழா. அதற்கும் ஆறுதான் மூலம். கி.பி. 628-ல் சுமிதா ஆற்றில் வலைவீசிய இரண்டு சகோதரர்கள் கையில் கன்னோன் என்ற பௌத்தத் தெய்வத்தின் சிலை கிடைத்ததாகவும், ஊர்ப் பெரியவர் ஒருவர் அதை வைத்து வழிபட்டதாகவும் கதை. அந்த மூவருக்குத்தான் விழா. சப்பரத்தைத் தோளில் தூக்கி, குலுக்கி, கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ரயிலில் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் அதே ஆட்கள்தானா என்று சந்தேகம் வரும். ஆனால் நீர்மோர்ப் பந்தல் இல்லை, தண்ணீர் பீய்ச்சுவது இல்லை, கூட்டம் கலைந்த பின் தெருவில் ஒரு தாள்கூடக் கிடக்காது. எனக்கு அது கொஞ்சம் குறைதான்.

பெரிய விழாவைவிட உங்கள் தெருச் சங்கத்துச் சின்ன விழாவுக்குப் போங்கள். குழந்தைகளுக்கென்று குட்டிச் சப்பரம் இருக்கும். ஆள் குறைந்துபோன பகுதிகளில் வெளிநாட்டார் தோள் கொடுத்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள், சட்டையும் அவர்களே இரவல் தருவார்கள். பக்கத்து வீட்டாரோடு பேச்சு தொடங்க அதைவிட நல்ல வழி கிடையாது.

நிலநடுக்கம் வந்தால்?
*(அலங்காநல்லூர்)*

வரும். செல்போன் முன்கூட்டியே அலறும். மேசைக்கு அடியில் போங்கள், கண்ணாடி பக்கம் நிற்காதீர்கள், லிஃப்ட் வேண்டாம். தண்ணீர், டார்ச், பாஸ்போர்ட் நகல், நாலு நாள் மாத்திரை போட்ட பை கதவருகே இருக்கட்டும். மாலையில் தெரு ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டால் பயப்பட வேண்டாம், அபாய அறிவிப்புக் கருவி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிப்பதுதான் அது. பிள்ளைகளுக்கு அதுவே வீடு திரும்பும் நேரம்.

இங்கே டீச்சராக இருந்தேன். கணவர் விசாவில் போனால் வேலை பார்க்க முடியுமா?
*(அண்ணா நகர்)*

குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை. நான் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் ஒரு சமையல்கூடத்தில் பார்ப்பது அந்தக் கணக்கில்தான். முழுநேர டீச்சர் வேலை என்றால் விசா வகையே மாற வேண்டும்.

புல்லட் ரயிலில் போக எவ்வளவு ஆகும்? அப்பா ரொம்ப விலை என்கிறார்.
*(சோழவந்தான், ஆறாம் வகுப்பு மாணவன்)*

அப்பா சொல்வது சரி. டோக்கியோவில் இருந்து கியோட்டோவுக்கு இரண்டேகால் மணி நேரம், ஒருவருக்கு 14,000 யென் சுமார், போக மட்டும். ஆனால் பார்க்க அவ்வளவு ஆகாது. டோக்கியோ ஸ்டேஷனில் புல்லட் ரயில் நடைமேடைக்குத் தனியாகப் பிளாட்பார டிக்கெட் உண்டு, விலை 150 யென் வாக்கில், இரண்டு மணி நேரம் செல்லும். சில நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும், போகும். வடக்கே போகும் வண்டிகளின் நடைமேடையில் நின்றால், வந்து நின்ற ரயிலைத் துப்புரவுக்காரர்கள் ஏழே நிமிஷத்தில் துடைத்து, இருக்கைகளைத் திருப்பி, வெளியே வந்து வரிசையாகக் குனிந்து வணக்கம் வைப்பார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டாமல் நில். போட்டோ எடுத்தால் ஃபிளாஷ் போடாதே, ஓட்டுநர் கண் கூசும்.